சர்வேயர் மேடத்தின் தோள்

சர்வேயர் மேடத்தின் தோளில் என் வீட்டுக்காரரின் கை அச்சு இருந்தது.

ஆரஞ்சு பெயின்ட். மலைப்பாதையோரப் பாறைகளில் வழிக்குறி போட, பாதை சீரமைக்கும் குழுவினர் வைத்திருக்கும் அதே பெயின்ட். இவரை வாசலில் இறக்கிவிட்டு அந்த அம்மாள் ஜீப்புக்குத் திரும்பியபோது பார்த்தேன். இவர் உள்ளே வந்து மண்ணெண்ணெய் ஊற்றி உள்ளங்கையைத் தேய்த்தார். நான் சோறு போட்டுத் தட்டை வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

முப்பது வருடமாக யாரும் ஏறாத பாதை அது. புதர் மூடி, மரம் விழுந்து, இருந்த இடமே தெரியாமல் போயிருந்தது. இளவட்டத்தில் அதில் ஏறி இறங்கியவர் என்று இவரைத்தான் தேடி வந்து கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் அரிவாளும் ரம்பமுமாகக் கிளம்பிப் போய்ப் பாதையைத் திறக்கிறார்கள். அளந்து குறிப்பது மேடத்தின் வேலை.

மேடம் வந்த பிறகு இவர் ஸ்கூட்டரைத் தொடுவதில்லை. முதுகு வலியாம். சாயங்காலம் என்னோடு நடக்க வருவதும் நின்றுபோயிற்று. களைப்பாம். மலை ஏறும்போது மட்டும் அந்த முதுகும் களைப்பும் எங்கே போகிறதோ.

இந்த ஞாயிறு நானும் வருகிறேன் என்றேன். இவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அடிவாரத்தில் எனக்கும் ஒரு பச்சை மேல்சட்டையை மாட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் அதுதான். கட்டை சுமப்பதற்காகத் தோளில் பஞ்சு வைத்துத் தைத்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். முன்னால் மேடம், ஒட்டினாற்போல் இவர். அவள் முதுகுப்பையின் வாரில் இவர் கை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு போகும் பிள்ளை மாதிரி. அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனாள். இவர் தலையாட்டிக்கொண்டே போனார். இருபத்தாறு வருடத்தில் நான் சொன்ன எதற்கும் இந்த மனிதர் இப்படித் தலையாட்டியதில்லை.

பாதிவழியில் வெயில் விழும் பாறை ஒன்று. எல்லோரும் தண்ணீர் குடித்தோம். அதற்கு மேலே பாதை பழைய கல்படிகளாக ஏறியது; மரங்கள் நெருங்கி, பட்டப்பகலிலும் இருட்டிக் கிடந்தது. விழுந்து கிடக்கும் மரத்தைக் காட்டுவதற்காக மேடம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனாள். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று இவர் பாறையிலேயே தங்கிவிட்டார்.

நானும் அவர்களோடு கொஞ்ச தூரம் போனேன். திரும்பிப் பார்த்தால், மனிதர் கயிற்றைத் தொடவே இல்லை. மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் தனியாகத் திரும்பி வருவாள் என்று காத்திருக்கிறார். இது அவர்களுக்குள் வழக்கம் போலிருக்கிறது.

சரி, இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று இறங்கினேன்.

காலடி கேட்டதும் எழுந்து மரநிழலின் ஓரத்துக்கு வந்தார். நான் நிழலுக்குள், அவருக்கு நேர் எதிரே, இடுப்பில் கைவைத்து நின்றேன். கேட்க வேண்டியதெல்லாம் தொண்டையில் வரிசையாக இருந்தது. முதலில் அவரே வாயைத் திறக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தார். கையை நீட்டினார். அது காற்றில் அப்படியும் இப்படியும் தடவிவிட்டு என் தோளில் வந்து உட்கார்ந்தது.

"பையைக் கழட்டிட்டீங்களா மேடம்? இன்னைக்குப் படியைச் சத்தமா எண்ணாதீங்க, தோளை அசைச்சுக் காட்டினா போதும். அவ வந்திருக்கா. நிழலுக்குள்ள வந்தா எனக்கு ஒண்ணுமே தெரியலைன்னு கண்டுபிடிச்சிடுவா."

இடுப்பிலிருந்த கையை மெல்ல இறக்கினேன்.

"பார்வை முழுசாப் போக டாக்டர் சொன்ன ஆறு மாசத்துக்குள்ள உச்சி வரைக்கும் திறந்துடலாம். அவளை அங்க கூட்டிட்டுப் போய் நானே சொல்லிக்கிறேன். வெயில்ல அவ மூஞ்சி எனக்கு இன்னும் நல்லாத் தெரியுது."

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை, அதைச் சொல்வதில் என்ன வெட்கம். இவ்வளவு பெரிய விஷயத்தை அவளிடம் கொடுத்து வைத்திருக்கிறார். எத்தனை ஞாயிறு அதை வைத்துக்கொண்டே என் வாசலில் சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள். இருபத்தாறு வருடம் கூடவே இருக்கிறேன், என் தோளை இவருக்கு அடையாளம் தெரியவில்லை.

திரும்பி நின்றேன். இவர் கை தோளிலேயே இருந்தது. முதல் படியில் ஏறினேன், இவரும் ஏறினார். இரண்டாவதிலும் ஏறினார். அதற்குப் பிறகு பாதை வளைந்தது. எங்கும் பாசி, வேர், இடதுபக்கம் சரிவு. எந்தக் கல் ஆடும், எத்தனை அடியில் அடுத்த படி வரும், எனக்கு என்ன தெரியும்?

இவரைக் கூட்டிப்போக மேடம் மேலிருந்து இறங்கி வந்தாள். இவர் கை இருக்கும் இடத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பேச வாயெடுத்தவளைத் தலையசைத்துத் தடுத்தேன்.

சட்டென்று புரிந்துகொண்டாள். அந்த மகராசிக்கு எல்லாம்தான் புரிகிறது.

சத்தமில்லாமல் ஓரமாக நின்று, மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு இடதுபக்கக் கல்லைக் காட்டி, அதில் வேண்டாம் என்று கையசைத்தாள்.

என் புருஷனை நடத்திப்போக இவள் விரலை நான் பார்க்க வேண்டுமா என்று பற்றிக்கொண்டு வந்தது. பார்த்தேன். மூன்றடி வைத்துவிட்டுத் தோளை அசைத்தேன்.