வாந்தி எடுத்த இளவரசர்

“இளவரசரு கப்பல்ல கால வெச்சாரு. கப்பல் ஒரு ஆட்டு ஆடிச்சி. அப்படியே குனிஞ்சி, காலையில தின்ன பொங்கலையெல்லாம் கடலுக்குக் குடுத்துட்டாரு.”

குப்புறப் படுத்திருந்த இராமதாஸ் திடுக்கிட்டார். “ஏம்மா, நெசமாவே வாந்தியா எடுத்தாரு? சரித்திர நாவல்ல கதாநாயகன் வாந்தி எடுக்க மாட்டானே.”

“கேக்கறீங்களா, நிறுத்தட்டுமா?” என்றது செல்வாம்பாளின் குரல்.

“இல்ல, இல்ல. மேல போ.”

மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இராமதாசுக்கு விழித்திரை பிய்ந்துவிட்டது. கதிர்காமம் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். “ஏழு நாள் குப்புறவே படுக்கணும். படிக்கவும் கூடாது. தலையைத் தூக்குனீங்கன்னா ஒட்டுனது திரும்பப் பிஞ்சிரும், அப்புறம் அந்தக் கண்ணை மறந்துட வேண்டியதுதான்” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதல் நாளே பத்துத் தடவை தலையைத் தூக்கிவிட்டார். தலைமாட்டில் எண்ணூறு பக்கத்துக்குப் புதுச் சரித்திர நாவல் ஒன்று, உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. மனைவி நிர்மலாவைப் படித்துக் காட்டச் சொன்னார். “நாப்பது வருஷமா நீங்க படிச்சது போதாதா, நான் வேற வாய் வலிக்கப் படிக்கணுமா?” என்று கேட்டுவிட்டு அவள் டிபன் கேரியரோடு நெல்லித்தோப்பு வீட்டுக்கு ஆட்டோ ஏறிவிட்டாள். போனையே படிக்கவிட்டுக் கேட்கலாமென்றால் அதன் இயந்திரக் குரல் இளவரசரின் வருகையை ரயில் வருகிற மாதிரி அறிவித்தது.

கடைசியில் பக்கத்துக் கட்டில் கன்னியப்பனின் மனைவி செல்வாம்பாளைக் கேட்டார். வீராம்பட்டினத்து மீன்காரி. புருஷன் கண்ணில் கட்டோடு தூங்க, அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். “ஏம்மா, சும்மாதானே இருக்கே, இதைக் கொஞ்சம் படிச்சிக் காட்டேன்.”

அவள் ஸ்டூலை இவர் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டாள். பிறகு, “குடுங்க” என்றாள். அதற்குப் பிறகு இராமதாசுக்குத் தெரிந்ததெல்லாம் தரையும் அவள் கால் மெட்டியும்தான்.

பேச்சு கொச்சையாக இருந்தது. கேட்டதற்கு, “எனக்கு எப்படி வருமோ அப்படித்தான் சொல்லுவேன்” என்றாள். செந்தமிழை அவள் போகிற போக்கில் இறக்கிச் சொல்கிறாள் என்று இவராகவே முடிவுகட்டிக்கொண்டார்.

இராமதாஸ் இதுவரை இருநூறு இளவரசர்களுக்குக் குறையாமல் பார்த்தவர். எல்லாருக்கும் மார்பு கோட்டைக் கதவு அகலம். எல்லாரும் தூணுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டே பாதி ராஜ்யத்தைப் பிடித்தவர்கள். அம்பு பட்டால் இடது தோளில்தான் படும். அப்போதுதான் நாயகி பச்சிலை வைத்துக் கட்டும்போது அணைத்துக்கொள்ள வலது கை மிச்சமிருக்கும். அவர்கள் குளித்து இவர் படித்ததில்லை. ஆனாலும் சந்தன வாசம் மட்டும் வீசும்.

இந்த இளவரசருக்கோ கவசத்துக்குள் வேர்க்குரு. குதிரை ராஜவீதி நடுவில் லத்தி போட்டது. ஆசையாகக் கட்டிப்பிடிக்கப் போனவரை இளவரசி தள்ளிவிட்டு, “மொதல்ல போயிக் குளிச்சிட்டு வாய்யா, காதலை அப்புறம் பேசலாம்” என்றாள். இராமதாஸ் தலையணைக்குள் முகம் புதைத்துச் சிரித்தார்.

மூன்றாம் நாள், புயலில் இளவரசி துடுப்பைப் பிடிக்கிற நேரம் பார்த்து நர்ஸ் மாத்திரைக் கவர்களோடு வந்தாள். செல்வாம்பாள் கதையை விட்டுவிட்டு, “இது காலையிலதா, ராத்திரிக்கா” என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். “அட, சீக்கிரம் வாம்மா, படகு என்ன ஆச்சி?” என்று இராமதாஸ் தவித்தார்.

“இப்பத் தலையைத் தூக்குனீங்க. நான் பாத்தேன். இன்னிக்குப் படகு அவ்வளவுதான்” என்று எழுந்து போய்விட்டாள்.

அதன் பிறகு அவர் தலையைத் தூக்கவே இல்லை. கழுத்து வலித்தது, மார்பு வலித்தது. ஏழாம் நாள் சாயங்காலம் இளவரசி சிம்மாசனத்தில் ஏறிப் பட்டம் கட்டிக்கொண்டாள். “இந்தக் கிரீடத்தை வெச்சா எனக்குத் தலை வலிக்குதுடி, நீயே வெச்சிக்கோ” என்று இளவரசர் தூங்கப் போனார். கதை முடிந்தது.

எட்டாம் நாள் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். “அருமையா ஒட்டியிருக்கு. நிறைய பேரால இப்படி இருக்க முடியாது. எப்படி சார் சமாளிச்சீங்க?”

“எல்லாம் ஒரு எழுத்தாளரோட புண்ணியம் டாக்டர்.”

அந்த எழுத்தாளருக்கு அன்றைக்கே ஒரு கடிதம் போடுவதென்று நிர்மலாவைப் பேப்பர், பேனா கொண்டுவரச் சொன்னார். சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரு ராஜகுமாரனை மனுஷனாகப் படைத்த கை அது. அந்த முடிவை அப்படியே எடுத்துக்காட்டி எழுதலாமென்று நல்ல கண்ணால் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

மலைத்தோள் இளவரசன் மணிமுடி சூடி நின்றான். இளவரசி அவன் காலடியில் பூத் தூவிக்கொண்டிருந்தாள். இராமதாஸ் முன்னால் பத்துப் பக்கம் புரட்டினார். நடுவில் புரட்டினார். இருநூற்றோராவது இளவரசன், சந்தன வாசத்தோடு.

கன்னியப்பனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செல்வாம்பாள் துணிகளைக் கட்டைப்பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இதுல பட்டம் கட்டிக்கிறது இளவரசன்ல? நீ வேற மாதிரி இல்ல படிச்சே?”

அவள் பையின் வாயை இழுத்து மூடிக்கொண்டே சொன்னாள்.

“படிக்கத் தெரிஞ்சிருந்தா, அதுல இருக்கறதையே படிச்சிருப்பேங்க.”