ஒரே படகில் வந்தவர்கள்

மாலையை இரு கைகளிலும் ஏந்தியபடி அவள் இறங்குதுறையின் நுனியில் நின்றாள்.

படகு தெரிந்தது.

பின்னால் பூ வளர்ப்புச் சங்கத்துப் பெண்கள். எல்லார் கையிலும் மாலை. வாடாமல்லிகை, அலரி, பட்டிப்பூ. எல்லாம் இந்த மண்ணில் பூத்தவை. வரவேற்பு வளைவில் ‘எங்கள் தீவின் பூ’ என்று பூவாலேயே எழுதியிருந்தார்கள்.

பூவைப் பார்க்கக் கொழும்பிலிருந்து விடுதிக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால், தீவின் பெயரைச் சுமந்துகொண்டு பூ நாள்தோறும் கடல் தாண்டும்.

முன்பெல்லாம் கல்யாணமோ சாவோ, பூ அக்கரையிலிருந்துதான் வர வேண்டும். இங்கேயே வளர்க்கலாம் என்று அவள் சொன்னபோது, உவர் மண்ணில் பூவா என்று ஊர் சிரித்தது. சிரிக்காதவள் பிலோமினா ஒருத்திதான். இருவருமாக மீன் கழிவும் சருகும் புதைத்து மண்ணைத் திருத்தினார்கள். முதல் அலரி பூத்தபோது பிலோமினா அதை ஒருவரையும் பறிக்க விடவில்லை. தானாக உதிரும்வரை காவல் இருந்தாள்.

நேற்றுப் பின்னேரம் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் பிலோமினா இறந்துபோனாள்.

செய்தி வந்ததும் சங்கம் கூடியது. புறப்பட்டவர்களை இனி மறிக்க முடியாது என்றாள் தலைவி. சவப்பெட்டி மத்தியானப் படகில்தான் வரும். அதற்குள் விருந்தினரை வழியனுப்பிவிடலாம். பிறகு அழலாம்.

அவளும் தலையாட்டினாள்.

தலையாட்டிவிட்டு வந்து பூக் கட்டினாள்.

படகு துறையை அணைந்தது.

முதலில் இறங்கியவர் விடுதிக்காரர்களில் மூத்தவர். சிரித்தபடி மாலைக்குத் தலையைத் தாழ்த்தினார்.

அவருடைய தோளுக்கு மேலால் அவள் கண்டாள்.

படகின் பின்பக்கத்தில் ஒரு பெட்டி. பக்கத்தில் பிலோமினாவின் கணவன் சவிரிமுத்து.

ஆஸ்பத்திரியில் உடலை நேரத்தோடு விட்டுவிட்டார்கள் போலும். கிடைத்த படகில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

தாழ்ந்த தலை மாலைக்குக் காத்திருந்தது.

இவர்கள் இப்படியே திரும்பிப் போய்விடலாம். இத்தனை வருடப் பாடும் இவர்களோடு போய்விடலாம். அவளுக்கு அது தெரியாமல் இல்லை.

அவரைக் கடந்து போனாள்.

படகில் இறங்கி, மாலையைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

பிறகு ஒருத்தி வந்தாள். இன்னொருத்தி வந்தாள். கடைசியாகத் தலைவி வந்தாள். பலகை தெரியாதபடி பெட்டி பூவால் மூடிப்போயிற்று.

விருந்தினர் வெறுங்கழுத்தோடு ஒதுங்கி நின்றார்கள். ஒருவரும் படம் எடுக்கவில்லை.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

சவிரிமுத்து மாலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மடியில் இருந்த எதையோ மெல்ல எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

கண்ணாடித்தாள் சரசரத்தது.

டவுனில் வாங்கிய மலர்வளையம். நீலச் சாயம் ஏற்றிய பூக்கள், வெக்கையில் தொய்ந்து கிடந்தன.

“அங்க இதுதான் கிடைச்சது, அக்கா,” என்றான். “ஒண்டும் இல்லாமல் அவளைக் கொண்டுவர மனம் கேக்கேல்ல.”

அவள் கையை நீட்டினாள்.

தயங்கினான். கொடுத்தான்.

கண்ணாடித்தாளைக் கிழியாமல் பிரித்தாள். மாலைகளைக் கொஞ்சம் விலக்கினாள். நடுவில், நெஞ்சுக்கு நேரே, அந்த வளையத்தை வைத்தாள்.

பிறகு படகோட்டியிடம் குடிதண்ணீர்ப் போத்தலைக் கேட்டு வாங்கினாள்.

உள்ளங்கையில் ஊற்றி, எந்த ஊரில் பூத்தவை என்று தெரியாத அந்தப் பூக்களுக்கு, ஒவ்வொன்றாகத் தெளித்தாள்.