வயிறு சொன்ன பதில்

காலை வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை இரண்டு கட்டில்கள் மீதும் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. அக்காவின் சிறுநீரகம் ஒன்றை இன்று தம்பிக்கு வைக்கப்போகிறார்கள். நேற்று இரவிலிருந்து இருவர் பல்லிலும் பச்சைத் தண்ணீர் படவில்லை, கண்ணும் மூடவில்லை. அக்காவுக்குத் தலை பஞ்சுபோல் லேசாக இருக்கிறது. விரல் நுனிகள் மட்டும் சில்லிடுகின்றன. தள்ளுவண்டி கடகடவென்று வருகிறது. தேநீர்க்காரர் நேற்றுவரை கொடுத்த பழக்கத்தில் ஒரு குவளையை நீட்டுகிறார். தினமும் பள்ளி வேனை எடுக்கும் முன் தேநீர் வாங்கிப் பழகிய கை, அவளைக் கேட்காமலே வாங்கிக்கொள்கிறது. ஆவி மூக்கில் ஏறுகிறது. குவளை உதட்டருகே வந்துவிட்டது. "அக்கா, ஒரு வாய் குடிச்சாலும் ஆபரேஷன் தள்ளிப் போயிடும்" என்கிறான் தம்பி, தலையைத் திருப்பாமல். "குடிக்கலடா. சூடா இருக்கான்னு பாக்குறேன்." "உதட்டாலயா?" அவள் சிரித்துக்கொண்டே குவளையை ஒரு கணம் கன்னத்தில் ஒற்றி, வண்டியிலேயே திருப்பி வைக்கிறாள். வண்டி போய்விட்டது, வாசனை போகவில்லை. அந்த அமைதியில் அவள் வயிறு நீளமாக முனகுகிறது. கொஞ்சம் பொறுத்து, பக்கத்துக் கட்டிலிலிருந்து தம்பியின் வயிறு அதே குரலில் பதில் சொல்கிறது.