விடாப்பிடி அப்பா

ஒன்றரை மணி நேரமாகக் கதவு திறக்கவில்லை. தட்டித் தட்டி அப்பாவுக்குக் கை சிவந்ததுதான் மிச்சம்.

"இவ்வளவு மார்க் வாங்கிட்டு யாராவது மெக்கானிக் வேலை கத்துக்கப் போவாங்களா? பேசாம யுனிவர்சிட்டியில சேரும்மா."

"எனக்குத் தொழிற்பயிற்சிதான்ப்பா. இன்னைக்குத்தான் கடைசி நாள்," என்றாள் மகள்.

"நாலு பேர் என்ன கேப்பாங்க?"

"அந்த நாலு பேர்ல ரெண்டு பேர் இப்பவே வாசல்ல நிக்கிறாங்க. என்ன சத்தம்னு கேக்கிறாங்க."

அம்மா குறுக்கிட்டாள். "ஒத்தைக் கால்ல நிக்காதீங்க. காபியை மூணு தடவை சூடு பண்ணியாச்சு. அவ ஆசைப்பட்டதையே படிக்கட்டுமே."

"நீ அவளுக்குத் தாளம் போடாத."

"அப்பா, நீங்க சரின்னு சொன்னாதான் கதவு திறக்கும்."

மகள் சொன்னால் சொன்னதுதான். அவரிடமிருந்து வந்த குணம், யாரை நோவது? அப்பா பெருமூச்சு விட்டார்.

"சரிம்மா, உன் இஷ்டப்படியே சேரு. முதல்ல அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, சிக்கிக்கிட்ட பூட்டைக் கழட்டு. ஈரத் துண்டோட இந்தக் குளியலறைக்குள்ள நான் இன்னும் எவ்வளவு நேரம்தான் நிக்கிறது?"