செவந்தியின் கிணறு

உயிருக்குயிரான எழுத்தாளரின் ஊருக்கு பஸ் மாறி மாறி வந்திருந்தாள் மங்கையர்க்கரசி. அவருடைய நாவலின் முடிவில் செவந்தி இறங்கிச் செத்த கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்தாள். இங்கே வரும் வாசகர்கள் எல்லோரையும்போல அவளும் செத்தவளுக்கென்று சிவப்பு வளையல்களைத் தண்ணீரில் போட்டாள்.

"குடிக்கிற தண்ணியில கண்ணாடியப் போடுறியேம்மா, அறிவிருக்கா?" குடத்தோடு ஒருத்தி ஓடிவந்தாள். இரண்டு கையிலும் முழங்கைவரைக்கும் சிவப்பு வளையல்கள்.

"செவந்திக்காகப் போட்டேங்க."

"நாந்தாம்மா அந்தச் செவந்தி. நான் செத்துட்டதா கதைக்காரரு எழுதவும், எம் புருசன் எனக்குக் கருமாதியே பண்ணிப்புட்டான்."

செவந்தி குடத்தை இறக்கிவைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வளையல்களை எடுக்கப் படியில் கால்வைத்தாள்.

நாவலின் கடைசி வரியிலும் அவள் முந்தானையைச் செருகிக்கொண்டுதான் இறங்கியிருந்தாள்.