பின்னலும் புரோட்டீனும்

"பின்னலா, வேலையா? நீயே முடிவு பண்ணும்மா!"

மேனேஜர் மேஜை மேலிருந்த காகிதத்தைத் தட்டினார். எதிரே நின்றவளுக்கு அந்த ஆபீஸில் பெயரே 'பின்னல்'தான். அவள் அறைக்குள் வந்து ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவள் முடி வந்து சேரும் என்று ஸ்டோர் அக்கா கிண்டல் செய்வாள். முழங்காலைத் தொடும் நீளம்.

ஆராய்ச்சிக்கூடங்களுக்கு மனிதப் புரோட்டீன் செய்து விற்கிற கம்பெனி அது. மனித ஜீனை பாக்டீரியாவுக்குள் நுழைத்துவிட்டால், அது மனிதப் புரோட்டீனை என்னமோ தன் வீட்டு வேலை மாதிரி செய்து தள்ளும். அதைப் பிரித்து, சுத்தம் செய்து, சுண்டுவிரல் அளவுக் குப்பியில் அடைப்பது பின்னலின் பொறுப்பு. மூன்று தடவை அடைத்தாள். மூன்று தடவையும் வேண்டாத விருந்தாளி ஒன்று கூடவே வந்து உட்கார்ந்திருந்தது.

"கெரட்டின்! வெளி லேப் ரிப்போர்ட்டை நீதானே கொண்டுவந்து கொடுத்தே? கெரட்டின்னா என்ன? முடி! இங்க யாருக்கு முடி ஜாஸ்தி?"

"ஒரு தொப்பிக்கு மேல இன்னொரு தொப்பி போட்டுத்தான் சார் வேலை செய்யறேன்."

"அதையும் மீறி உதிருதே! நேத்து நான் லீவுல இருந்தப்ப நாலாவது பேட்சையும் அடைச்சு டெஸ்டுக்கு அனுப்பிட்டே. அதுவும் கெட்டுத்தான் வரும். அப்புறம் உன்னை ஸ்டோருக்குத் தூக்கிடுவாங்க." வழக்கம்போல் வழுக்கைத் தலையை வறட்வறட்டென்று சொறிந்துகொண்டே யோசித்தார். லேபில் புரோட்டீன் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்து யோசிக்கும்போதும் இதே சொறிதான். "கழுத்தோட வெட்டிடும்மா."

அவள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். அம்மாதான் உயிரை விட்டுடுவாங்க. பொறந்ததுலேர்ந்து கத்தரி பட்டதில்ல. தினமும் முக்கால் மணி நேரம் அவங்களே உக்காந்து பின்னி விடறாங்க. யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்க. நீங்களே பேசினாக்கூட..."

"நான் பேசினாக்கூடவா?" மேனேஜருக்கு ரோஷம் வந்துவிட்டது. "போடு ஃபோனை!"

போட்டாள்.

"முடியை வெட்டணுமா?" அம்மாவின் குரல் ஸ்பீக்கரைக் கிழித்தது. "உங்க பாக்டீரியாவுக்கு எம்பொண்ணு முடிதான் கண்ணை உறுத்துதா? முதல்ல உங்க தலையைச் சோதிச்சுப் பாருங்க!"

"என் தலையில உதிர என்னங்க இருக்கு?" மறுபடி சொறிந்தார். "நாளைக்கு ஒரு மருந்து கண்டுபிடிக்கறாங்கன்னா, அதுக்கு இந்தச் சின்னக் குப்பியிலதாங்க ஆரம்பம். அது உங்க பொண்ணு கை வேலை. முடி திரும்ப வளரும். இந்த வேலை போனா வருமா?"

ஸ்பீக்கரில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கழுத்துக்குக் கீழ ரெண்டு விரலாவது விடச் சொல்லுங்க சார்."

"சொல்றேங்க" என்று மேனேஜர் ஃபோனை வைத்தார்.

திங்கட்கிழமை அவள் கழுத்தளவு முடியோடு வந்து நின்றாள். ஸ்டோர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜரால் நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. ஒரு தாயின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டோமே என்று இருந்தது.

அவள் ஒரு காகிதத்தை மேஜை மேல் வைத்தாள். "நாலாவது பேட்ச் ரிசல்ட் வந்துடுச்சு சார். படு சுத்தம்! கெரட்டின் துளிகூட இல்ல."

"பார்த்தியா? நான் சொன்னேன்ல, முடிதான்!"

"அது போன புதன்கிழமை அடைச்சது சார். அன்னிக்கு என் பின்னல் முழுசா இருந்துச்சு. நீங்கதான் இல்ல."

மேனேஜர் விழித்தார். அவள் இன்னொரு காகிதத்தை நீட்டினாள். பழைய ரிப்போர்ட்டின் இரண்டாவது பக்கம். 'இந்தக் கெரட்டின் தலைமுடியிலிருந்து வந்தது அல்ல. உதிர்ந்த தோலிலிருந்து வந்தது.'

தலையை நோக்கிப் போன அவர் கை பாதி வழியில் நின்றது.

"இது எப்பம்மா வந்துச்சு?"

"முதல் பக்கத்தோடயே வந்துடுச்சு சார்." அவள் தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பிச் சிரித்தாள். "வெட்டிக்கறேன்னு பத்து வருஷமா அம்மாகிட்ட கெஞ்சிட்டிருந்தேன். நீங்க ஒரே ஃபோன்ல சம்மதம் வாங்கிக் கொடுத்துட்டீங்க!"