பல்லிடுக்கில் ஒரு கல்

சாக்கடையில் சேறு அள்ளும் சின்ன ரோபோ ஒன்று நகர முடியாமல் திணறியது. அதன் ரப்பர் பட்டை, சக்கரத்தின் பல்லில் பிடிக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

"பட்டை தொளதொளன்னு கிடக்கு. இறுக்கு" என்று மோட்டார் கத்தியது. பட்டையை இறுக்குவதற்கென்றே இருந்த திருகு, "சரிங்க" என்று ஒரு சுற்றுச் சுற்றியது.

பட்டைக்கு விண்ணென்று வலித்தது. "நான் தளரலைங்க. உங்க சக்கரத்துப் பல்லிடுக்குல ஒரு கல்லு மாட்டியிருக்கு. அதுதான் என்னைத் தூக்கித் தூக்கி விடுது. முதல்ல அதை எடுங்க."

"என் சக்கரத்தையே குறை சொல்றியா? வேலை செய்ய உடம்பு வணங்கலைன்னு சொல்லு" என்றது மோட்டார். "இன்னும் இறுக்குய்யா."

திருகு இறுக்கியது. பட்டையின் ஓரத்தில் நூல் பிரிந்தது.

பட்டை திருகிடம் சீறியது. "கல்லு இருக்கறது உனக்கும் தெரியும். நீயும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்க. அப்புறம் எதுக்கு என் உயிரை எடுக்குற?"

"தெரியும். ஆனா கல்லு எனக்கு எட்டாது. மோட்டாரை எதிர்த்துப் பேசவும் முடியாது. எனக்கு எட்டுறது நீ மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டே திருகு இன்னொரு சுற்றுச் சுற்றியது.

பட்டை அறுந்தது.

"மட்டமான சரக்கு" என்று மோட்டார் திட்டியது. ரோபோவை இயக்கும் ஆட்கள் வந்து புதுப் பட்டை மாட்டினார்கள். யாரும் குனிந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை. புதுப் பட்டை கல்லின் மேல் ஏறி நழுவியது.

மோட்டார் வாயைத் திறக்கும் முன்பே திருகு சுற்றத் தொடங்கிவிட்டது.